நீலத்திரை எந்த டிரைவரைக் காட்டினாலும் முதலில் ரேம்: மெம்டெஸ்ட்86+ விமர்சனம்

மெம்டெஸ்ட்86+ ஓர் இலவச மென்பொருள். பென் டிரைவில் ஏற்றி, விண்டோஸோ லினக்ஸோ கிளம்பும் முன்பே அதிலிருந்து கணினியைத் தொடங்கினால், கணினியின் தற்காலிக நினைவகமான ரேமை மூலை முடுக்கு விடாமல் எழுதிப் படித்துப் பார்க்கும். தப்பு இருந்தால் சிவப்பு வரியில் காட்டும். வேறு எதுவும் செய்யாது. இதற்குப் போய் ஒரு விமர்சனமா என்று தோன்றலாம். ஆனால் இது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று தெரியாமல் ஓட்டிவிட்டு, "பாஸ் ஆயிடுச்சு, ஹார்டுவேர் நல்லாத்தான் இருக்கு" என்று அடித்துச் சொல்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

பகலில் எனக்கு சிங்கப்பூர் ராபின்சன் ரோட்டில் ஓர் அலுவலகத்தில் டெஸ்க்டாப் சப்போர்ட் வேலை. மாலையில் அதே வேலை, சம்பளம் இல்லாமல், அக்கா குடும்பத்துக்கு.

அத்தானின் மளிகைக்கடை தேக்காவில், பஃபலோ ரோட்டுப் பக்கம். அங்கே பில் போடும் கணினி, அக்கா மகன் கேம் விளையாடுவதற்காகப் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்தது. அவன் பாலிடெக்னிக் சேர்ந்து லேப்டாப்புக்கு மாறியதும் அது கல்லாவுக்கு வந்துவிட்டது. டிடிஆர்4 ரேம், 8 ஜிபியில் இரண்டு. மிளகாய்த்தூளுக்கும் பச்சரிசிக்கும் ரசீது அடிக்க இது ரொம்பவே ஜாஸ்தி. அப்படியும் தீபாவளி நெருங்க நெருங்க, ஆள் வரிசையில் நிற்கிற நேரமாகப் பார்த்து திரை நீலமாகும். தானே ரீஸ்டார்ட் ஆகும். கொஞ்ச நேரம் சாதுவாக ஓடும். மறுபடி நீலம்.

"என்னம்மா, இன்னைக்கும் நீலமாயிடுச்சு" என்று அத்தான் போன் செய்வார்.

"திரையில என்ன எழுதியிருந்துச்சு அத்தான்?"

"அதைப் படிக்கவா எனக்கு நேரம்? முறுக்கு மாவுக்கு ஆள் நிக்குது."

எனக்குச் சொல்லும் முன்பே அவர் ஒரு ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தார். கடைப் பையன் எடுத்து வைத்திருந்த ஒரு படத்தில் கிராபிக்ஸ் டிரைவரின் (கிராபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருள்) பெயர் இருந்தது. அதைப் பார்த்ததும், கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது, மாற்ற முந்நூறு வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல் ஆகும், கையோடு விண்டோஸையும் புதிதாகப் போட்டுவிடலாம் என்றார்களாம். அத்தான் கணக்குப் பார்ப்பவர். விண்டோஸை மட்டும் போட்டுக்கொண்டு திரும்பினார். அடுத்த வாரமே நீலம்.

விண்டோஸ் இப்படி விழும்போது, மினிடம்ப் என்ற ஃபோல்டரில் வழக்கமாக ஒரு சிறு கோப்பை விட்டுச் செல்லும். மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் விண்டிபக்கில் அதைத் திறந்து அனலைஸ் கட்டளை கொடுத்தால், விழுந்த நொடியில் எந்த டிரைவர் ஓடிக்கொண்டிருந்தது என்று சொல்லும். கடைக் கணினியில் கிடந்த கோப்புகளை வரிசையாகத் திறந்து பார்த்தேன். ஒன்று வட்டைப் படிக்கும் என்டிஎஃப்எஸ்ஸைக் காட்டியது. அடுத்தது நெட்வொர்க் டிரைவரை. இன்னொன்று கிராபிக்ஸை. நிறுத்தக் காரணமும் ஒரே மாதிரி இல்லை: ஒரு நாள் "மெமரி மேனேஜ்மென்ட்", ஒரு நாள் "ஐஆர்கியூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்குவல்", இன்னொரு நாள் "பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா".

இந்த இடத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். போலீஸுக்குப் போன் செய்தவர் என்பதால் பக்கத்து வீட்டுக்காரர் திருடர் ஆகிவிட மாட்டார். திரையில் பெயர் வரும் டிரைவரும் அப்படித்தான். கெட்டுப்போன எண்ணை முதலில் தொட்டது அது, கெடுத்தது வேறு யாராகவும் இருக்கலாம். ரேமில் ஒரே ஒரு பிட், அதாவது ஒரு 1 அல்லது 0, புரண்டால் போதும். அந்த இடத்தில் பிரவுசரின் தரவு இருந்தால் ஒரு டேப் மூடும், அல்லது ஒரு படத்தில் ஒரு புள்ளி நிறம் மாறும். யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். அதே இடத்தில் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் ஒரு முகவரி இருந்தால் அது எங்கோ இல்லாத இடத்துக்குப் போய் நிற்கும். சாதாரண புரோகிராம் தப்புச் செய்தால் கெர்னல் அதை மூடிவிடும். கெர்னலே தப்புச் செய்தால் அதை மூட மேலே ஆள் இல்லை. குழம்பிய நிலையில் வட்டில் எதையாவது எழுதித் தொலைப்பதைவிட, எல்லாவற்றையும் நிறுத்துவதே மேல் என்று நின்றுவிடும். விண்டோஸில் அது நீலத்திரை, லினக்ஸில் கெர்னல் பேனிக்.

ஆக, ஒரே மெஷினில் ஆளுக்கொரு பெயராக மாறி மாறி வந்தால் என் சந்தேகம் ஹார்டுவேர் மேல் போகும், அதிலும் முதலில் ரேம் மேல். பல மெஷினில் ஒரே நேரத்தில் ஒரே பெயர் வந்தால் கதையே வேறு. 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை மதியம், கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளின் ஒரு கோளாறான அப்டேட்டால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன என்று மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. சாங்கியில் சில விமான நிறுவனங்கள் பயணிகளைக் கையால் செக்-இன் செய்தன. அன்று யாருக்கும் மெம்டெஸ்ட் தேவைப்படவில்லை. பாதுகாப்புப் பயன்முறையில் தொடங்கி அந்தக் குறிப்பிட்ட கோப்பை அழிப்பதுதான் வேலை.

சரி, கடைக்கு வருவோம். இரவு ஷட்டர் இறக்கியதும் ஓட்டிவிட்டு, காலையில் பார்ப்பதாகத் திட்டம். மானிட்டரில் "அணைக்காதீர்கள்" என்று காகிதம் ஒட்டிவிட்டுத்தான் கிளம்பினேன், ஏனென்றால் அத்தான் சாமி படத்துக்கு விளக்கு வைத்துவிட்டு மெயின் சுவிட்சையும் தட்டிவிட்டுப் போகிறவர்.

மெம்டெஸ்ட்86+ திரை பழைய டாஸ் காலத்தை நினைவூட்டும். மேலே பிராசசரின் பெயர், வெப்பநிலை, ரேமின் அளவு, வேகம். கீழே எந்தச் சோதனை ஓடுகிறது, எத்தனையாவது சுற்று என்ற விவரம். அழகு ஒன்றும் இல்லை. ஆனால் தேவையான எல்லாம் ஒரே திரையில் இருக்கிறது, போனில் ஒரு படம் எடுத்தால் போதும். சோதனைகள் பல வகை. சில, ஒவ்வோர் இடத்திலும் அந்த இடத்தின் முகவரியையே எழுதி வைத்து, பிறகு வந்து சரிபார்க்கும். சில, ஒன்றும் பூஜ்யமுமாக மாற்றி மாற்றி அடித்து, பக்கத்து செல் சாய்கிறதா என்று பார்க்கும். கடைசியில் வரும் பிட் ஃபேட் எனக்குப் பிடித்தது: ரேம் முழுக்க எழுதிவிட்டு, சில நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கும், அப்புறம் வந்து ஏதாவது மறந்துபோயிருக்கிறதா என்று பார்க்கும்.

காலையில் திரை சிவப்பு. ஒரு வரியை இங்கே விளக்குகிறேன், ஏனென்றால் இதைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. முதலில் முகவரி. அதை அடுத்து எதிர்பார்த்த எண்: பதினாறு எஃப் வரிசையாக. அதை அடுத்து கிடைத்த எண்: பதினைந்து எஃப், நடுவில் ஒரே ஒரு பி. பதினாறடிமான எண்ணில் எஃப் என்றால் நான்கு பிட்டும் 1. பி என்றால் அதில் ஒன்று 0. அதாவது எழுதிய ஒரே ஒரு பிட் தங்கவில்லை. கீழே இருந்த வரிகளிலும் முகவரி அக்கம்பக்கம்தான், புரண்டது அதே பிட்தான். இப்படி ஒரே இடத்தில் ஒரே பிட் திரும்பத் திரும்பத் தவறினால் அது பெரும்பாலும் ஒரு ரேம் சிப்பின் நோய். முகவரியும் பிட்டும் கண்டபடி சிதறியிருந்தால் நான் வேகம், வோல்டேஜ், மதர்போர்டு என்று தேடுவேன்.

சிவப்பு வரி வந்த உடனே ரேமைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. அக்கா மகன் கேமுக்காக, விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருளான பயாஸில் எக்ஸ்எம்பியை இயக்கி 3600 வேகத்தில் ஓடவிட்டிருந்தான். எக்ஸ்எம்பி என்பது ரேம் தயாரிப்பாளர் "இந்த வேகத்திலும் ஓடும்" என்று எழுதி வைத்திருப்பது. பிராசசரும் மதர்போர்டும் அதற்கு ஒத்துவரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஏஎம்டி பக்கம் புதிய போர்டுகளில் இதே விஷயத்துக்கு எக்ஸ்போ என்று பெயர். அதை அணைத்ததும் எத்தனையோ கணினிகளின் நீலத்திரை நின்றுபோகும். கடைக் கணினியில் அணைத்தபோது பிழைகள் குறைந்தன, நிற்கவில்லை. அப்புறம் இரண்டு ரேமையும் கழற்றி, ஒன்றை மட்டும் பிராசசரிலிருந்து இரண்டாவது ஸ்லாட்டில் போட்டு ஓட்டினேன். பெரும்பாலான நாலு ஸ்லாட் போர்டுகளில் ஒற்றை ரேமுக்கு அதுதான் இடம். சுத்தம். இன்னொன்றை அதே ஸ்லாட்டில் போட்டேன். சிவப்பு. ஸ்லாட்டை மாற்றினேன். அப்போதும் சிவப்பு. ஸ்லாட் மேலோ தொடுமுனை அழுக்கு மேலோ பழி போட இனி வழியில்லை. நம் ஊர் ஈரப்பதத்தில் தொடுமுனை பற்றியும் யோசிக்கத்தான் வேண்டும்; சில நேரம் கழற்றி மாட்டினாலே சரியாகிவிடும்.

ரேமுக்குப் பல பிராண்டுகள் வாழ்நாள் வாரண்டி தருகின்றன. இது பலருக்குத் தெரியாது, வாங்கிய ரசீதையும் தேடுவதில்லை. அக்கா மகனிடம் மின்னஞ்சலில் ரசீது இருந்தது. சிவப்புத் திரையின் படத்தையும் அதையும் காட்டியதும், உள்ளூர் ஏஜென்ட் அதிகம் பேசாமல் எடுத்துக்கொண்டு மாற்றித் தந்தார்கள். அதுவரை 8 ஜிபியிலேயே கடை ஓடியது; தீபாவளிக் கூட்டத்தையும் தாங்கியது. கிராபிக்ஸ் கார்டு? அதே கார்டுதான் இன்றும் ரசீது அடிக்கிறது.

இது வெற்றிக் கதை. இப்போது மறுபக்கம்.

அதே அக்கா மகனின் லேப்டாப், லினக்ஸ். பாடத்துக்கான புராஜெக்ட் வேலை நடுவில் திரை உறையும், சில நேரம் எதைச் சேமிக்கப் போனாலும் "படிக்க மட்டும்" என்று அடம் பிடிக்கும். "சித்தி, ரேம்தானே?" என்றான், கடைக் கதை கேட்டு வளர்ந்த தைரியத்தில். இரவு முழுக்க ஓட்டினோம். பச்சையில் பெரிதாகப் பாஸ்.

மெம்டெஸ்ட்86+ பாஸ் என்றால், அந்த நேரத்தில், அந்த வெப்பத்தில், அந்த மின்சுமையில் ரேம் தவறவில்லை என்று மட்டுமே பொருள். கிராபிக்ஸ் கார்டு இழுக்கும்போது பவர் சப்ளை குனிகிறதா என்று அது பார்க்காது. வட்டாக வேலை செய்யும் எஸ்எஸ்டியைத் தொடவே தொடாது. தூங்கி எழும்போது வரும் கோளாறு அதன் கண்ணில் படவே படாது. சிவப்பு வந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு நம்புவேன்; பச்சை வந்தால் பட்டியலிலிருந்து ஒரு பெயரை பென்சிலால் அடிப்பேன், அவ்வளவுதான்.

லேப்டாப்பில் வேடிக்கை என்னவென்றால், முந்தைய முறை ஓடியபோது கெர்னல் எழுதிய பதிவைப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. உறைவதற்குச் சற்று முன் வரை எல்லாம் நலம், அதன் பிறகு வெற்று. யோசித்தால் புரியும்: பதிவை எழுத வேண்டிய வட்டே காணாமல் போனால் எங்கே எழுதுவது? அடுத்த முறை உறையத் தொடங்கியதும் எழுத்துத் திரைக்கு மாறிப் படம் எடுக்கச் சொன்னேன். எடுத்து அனுப்பினான்: "என்விஎம்இ கன்ட்ரோலர் இஸ் டவுன், வில் ரீசெட்". அதன் கீழே ஃபைல் சிஸ்டத்தின் புலம்பல் வரிசையாக. எஸ்எஸ்டி மின்சாரம் மிச்சப்படுத்த ஆழ்ந்த தூக்கத்துக்குப் போய், கூப்பிட்டால் எழ மறுக்கிறது. கெர்னலுக்கு ஓர் அளவுரு கொடுத்து அந்தத் தூக்க நிலைகளை நிறுத்தினோம், எஸ்எஸ்டிக்குள்ளேயே இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரையும் புதுப்பித்தோம். பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்குகிறது என்று புகார் சொல்கிறான், உறைவது நின்றுவிட்டது. படம் எடுக்கத் திரையே கிடைக்காத மெஷின் என்றால் நெட்கன்சோல் என்று ஒரு வழி உண்டு: கெர்னலின் கடைசிச் செய்திகளை கேபிள் வழியாக வீட்டிலுள்ள இன்னொரு கணினிக்கு அனுப்பிவிடும். வட்டு செத்தாலும் செய்தி வந்து சேரும்.

பிராசசர் கோளாறையும் மெம்டெஸ்ட்86+ கண்டுபிடிக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களில் அதிக வோல்டேஜ் காரணமாகச் சிப் மெல்ல மெல்லக் கெடுவதை இன்டெல் 2024இல் ஒப்புக்கொண்டது. பிராசசருக்குள் ஓடும் மைக்ரோகோடுக்குத் திருத்தங்களும் வெளியிட்டு, வாரண்டியை இரண்டு வருடம் நீட்டியது. அந்தச் சிப் உள்ள மெஷின் கேமில் விழுந்துகொண்டே இருக்கும், ரேம் சோதனையோ சுத்தமாக முடியும். அப்படிப்பட்ட மெஷின் வைத்திருப்பவர்கள் முதலில் பயாஸைப் புதுப்பியுங்கள். திரையில் "வீயா அன்கரெக்டபிள் எரர்" என்று வந்தாலும் அதே மாதிரிதான். அது ஹார்டுவேரே கையைத் தூக்கிப் புகார் சொல்வது; பிராசசர், மின்சாரம், வெப்பம், பிசிஐ கார்டு என்று தேட வேண்டும்.

ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி, ஆப்பிளின் எம் வரிசைச் சிப் உள்ள மேக் ஆகியவற்றில் மெம்டெஸ்ட்86+ ஓடவே ஓடாது. அவற்றின் பிராசசர் ஆர்ம் என்ற வேறு குடும்பம். மேக்கில் பவர் பட்டனை அழுத்திப் பிடித்துத் தொடங்கி, அப்புறம் கமாண்டும் டியும் அழுத்தினால் ஆப்பிளின் சொந்தச் சோதனை வரும். ராஸ்பெர்ரி பையில், லினக்ஸுக்குள் ஓடும் மெம்டெஸ்டர் இருக்கிறது. ஆனால் கெர்னல் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் பகுதியை அதனால் சோதிக்க முடியாது. சொல்லப்போனால் பையில் நான் ரேமைச் சந்தேகிப்பதே கடைசியில்தான். அக்கா போகும் கோயில் மண்டபத்தில் அறிவிப்புத் திரையை ஓட்டும் பை 4 அடிக்கடி விழுந்தபோது, திரை ஓரத்தில் மின்னல் குறி வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் வரும் எச்சரிக்கை அது. யாரோ ஒரு பழைய போன் சார்ஜரையும் நீளமான மெல்லிய கேபிளையும் மாட்டியிருந்தார்கள். 5.1 வோல்ட், 3 ஆம்ப் தரும் அதற்கான பவர் சப்ளையைப் போட்டதும் வேலை முடிந்தது.

எதை டவுன்லோடு செய்வது என்பதில் ஒரு குழப்பம் இருக்கிறது. கிறிஸ் பிரேடி 1994இல் எழுதிய மெம்டெஸ்ட்86தான் மூலம். 2004இல் சாமுவேல் டெமுலமீஸ்டர் அதிலிருந்து பிரித்து வளர்த்ததுதான் பிளஸ் போட்டது. பிளஸ் போடாத பெயர் 2013 முதல் பாஸ்மார்க் நிறுவனத்திடம் இருக்கிறது. அதற்கு இலவசப் பதிப்பும் காசு கொடுத்து வாங்கும் பதிப்பும் உண்டு. இலவசத்தில் நான்கு சுற்றோடு நின்றுவிடும். பிளஸ் நீங்கள் நிறுத்தும் வரை ஓடும். பிளஸ் பல வருடம் தூங்கிக் கிடந்து, 2022இல் 6.00 என்று புதிதாக எழுந்தது. அதற்குப் பிறகுதான், பயாஸின் புதிய வடிவமான யூஇஎஃப்ஐ உள்ள இன்றைய மெஷின்களில் ஓடத் தொடங்கியது. அதனால் எங்கோ பழைய சிடியில் கிடக்கும் 5ஆம் பதிப்பை வைத்துக்கொண்டு "வேலை செய்யவில்லை" என்று சொல்லாதீர்கள்.

விண்டோஸோடு வரும் மெமரி டயக்னாஸ்டிக்கும் ஒன்றும் மோசமில்லை. ஆனால் சும்மா ஓடவிட்டால் ஸ்டாண்டர்ட் சோதனைதான் நடக்கும். எஃப்1 அழுத்தி எக்ஸ்டெண்டட் தேர்ந்தெடுத்தால்தான் ஆழமாகப் பார்க்கும். பென் டிரைவ் தயார் செய்யப் பயப்படுபவர்களுக்கு அது நல்ல ஆரம்பம்.

பிளஸ்ஸின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ரேம் அதிகமாக அதிகமாக நேரமும் நீளும். 32 ஜிபி என்றால் மணிக்கணக்கில் ஓடும், இரவில் விடுவதைத் தவிர வழியில்லை. கடைக் கணினியில் பயாஸில் செக்யூர் பூட்டை (அங்கீகரித்த மென்பொருளிலிருந்து மட்டும் கணினியைத் தொடங்கவிடும் பாதுகாப்பு) அணைத்த பிறகே அது கிளம்பியது. இதில் ஓர் ஆபத்து உண்டு: வட்டைக் குறியாக்கம் செய்து பூட்டும் பிட்லாக்கர் போட்ட கணினியில் செக்யூர் பூட்டைத் தொட்டால், அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். அந்தச் சாவியை எழுதி வைத்துக்கொண்டு பயாஸுக்குள் போங்கள். அலுவலக லேப்டாப் என்றால் உங்கள் ஐடி ஆளைக் கேட்காமல் இந்த வேலையே வேண்டாம். அந்த ஐடி ஆள் நானாக இருந்தால் நிச்சயமாக வேண்டாம். லேப்டாப்பில் ரேம் போர்டோடு சால்டர் செய்யப்பட்டிருந்தால் சிவப்பு வந்தும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. லினக்ஸில் கெட்ட முகவரியை மட்டும் ஒதுக்கி வைக்கச் சொல்லி கொஞ்ச காலம் ஓட்டலாம். அதற்கான குறிப்பையும் பிளஸ்ஸே கொடுக்கும்.

ஐந்துக்கு நாலரை. அரை மதிப்பெண்ணைக் குறைத்தது கீபோர்டுக்காக: யூஎஸ்பி கீபோர்டைப் பேசும் டிரைவரைப் பிளஸ் தானே கொண்டு வருகிறது, ஆனால் எல்லாக் கீபோர்டையும் அதற்குத் தெரியாது. வண்ண விளக்கு மின்னும் கேமிங் கீபோர்டில் எஃப்1 அழுத்தி ஒன்றும் நடக்கவில்லை என்றால், அலமாரியில் கிடக்கும் பத்து வெள்ளி சாதா கீபோர்டை எடுத்து கணினியின் பின்பக்க யூஎஸ்பியில் நேராகச் செருகிப் பாருங்கள்.